கசிவும் பற்றும்

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளோடு பழகியவர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு: மரப்பலகைகளை இணைத்துக் கட்டிய கலம் எதுவானாலும் அதன் அடியில் சிறிது நீர் ஊறிச் சேர்ந்தே தீரும்; ஆகையால் அடியில் நீர் நிற்கிறது என்ற ஒன்றை மட்டும் கொண்டு, தோணி ஓட்டையாகிவிட்டது என்று அதைச் செலுத்தும் தண்டல் முடிவு கட்டிவிட மாட்டார். கரையேற்றி நெடுநாள் வெயிலில் காய்ந்த தோணியை மீண்டும் நீரில் இறக்கும்போது, முதல் ஓரிரு நாட்கள் பலகை இடுக்குகளின் வழியே நீர் தாராளமாகவே புகும். பின்னர்ப் பலகைகள் நீரை உறிஞ்சிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளவே, ஊற்று தானாக அடங்கிவிடும். அப்படி அடங்காமல், நேற்று இறைத்ததைவிட இன்று மிகுதியாகவும், இன்று இறைத்ததைவிட நாளை மிகுதியாகவும் இறைக்க நேர்ந்தால்தான் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்துக்காரரை அழைக்க வேண்டும். இதை அறிவதற்கு வழியும் ஒன்றே: ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில், கலத்தின் ஒரே இடத்தில், நீரின் ஆழத்தைக் கோலிட்டு அளந்து மனத்தில் வைத்திருத்தல்.

நெடுநேரம் ஓடும் கணிப்பொறி நிரல்களைக் குறித்து, அவற்றுள்ளும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, அளந்து, குறித்துவைத்து, அடுத்த படத்துக்கு நகரும் நிரல்களைக் குறித்து ஆராயப் புகுந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தோணிதான். இரவு முழுதும் ஓடட்டும் என்று விட்டுவந்த நிரல் காலையில் பாதியில் இறந்து கிடக்கக் கண்டவர், ‘நினைவகக் கசிவு’ என்று உடனே பெயர் சூட்டிவிடுகிறார். பெயர் சூட்டியதும் விசாரணை முடிந்ததாக ஒரு திருப்தி உண்டாகிறது. என்னுடைய அபிப்பிராயம், இந்தப் பெயர் உரிய காலத்துக்கு முன்பே உச்சரிக்கப்படுகிறது என்பதும், சிறுநிரல்களில் இப்பெயரால் குறிக்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி கசிவே அல்ல என்பதும் ஆகும். அதை நிறுவுவதற்கு நம் கடலையே உதாரணமாகக் கொள்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் கணக்கில் இருந்தன. 1986-இல் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் அதனைச் சூழ்ந்த பரந்த கடற்பகுதியோடு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத் தேவைக்காகவும் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டியெடுத்ததே இதற்குப் பெருங்காரணம். அலையின் வேகத்தைத் தாங்கிய அரண் போனபின் மணல்திட்டு எவ்வாறு நிற்கும்? தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் காரியாச்சல்லித் தீவும் அதே வழியில் தேய்ந்துவருகின்றன. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தீவு எந்த மாதத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், செயற்கைக்கோள் படங்களின் நீண்ட வரிசை ஒன்றை அளந்தாக வேண்டும். ஐரோப்பியர் 2015-இலும் 2017-இலும் ஏவிய ‘சென்டினல் 2’ இரட்டைக் கோள்கள் 5 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடித்தன. அப்படங்கள் யாவர்க்கும் இலவசம். 2018 தொடங்கி 5 ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் 365 படங்கள். இவற்றைக் கையால் அளப்பவர் எவரும் இலர். பைதான் போன்ற மொழியில் சிறு நிரல் எழுதி, அதை ஓடவிட்டுவிட்டு உறங்கப் போவார்கள்.

அந்த நிரலின் உள்ளே நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு படத்துண்டில், 10 மீட்டர் நுணுக்கமுள்ள ஒரு நிறப்பட்டையில், நெடுக 10,980 பிக்சல், குறுக்க 10,980 பிக்சல்; பெருக்கினால் 12,05,60,400. ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்றால் பட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 24 கோடி பைட். நீரையும் நிலத்தையும் பிரித்தறிய மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் முன்வைத்த சூத்திரம், பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்கிறது. வகுப்பதற்குப் பின்ன எண்கள் வேண்டும். சாதாரணமாக அவை பிக்சலுக்கு 8 பைட் பிடிக்கும். ஆகவே மாற்றப்பட்ட பட்டை இரண்டு, கழித்த விடை ஒன்று, கூட்டிய விடை ஒன்று, வகுத்த விடை ஒன்று என ஐந்து பெரிய எண்ணணிகள், ஒவ்வொன்றும் 96 கோடியே 44 லட்சம் பைட். மொத்தம் ஏறக்குறைய 482 கோடி பைட், ஒரே கணத்தில் நினைவகத்தில் நிற்கின்றன. நிரல் தொடங்கி ஒரு நிமிஷத்துக்குள் நினைவகம் கிடுகிடுவென்று ஏறுவதைக் கண்டு திகைப்பவர், இந்தப் பெருக்கலை ஒருமுறை காகிதத்தில் செய்துபார்த்திருந்தால் திகைத்திருக்க மாட்டார். எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்கூட்டி அறியாதவர்க்கு, எவ்வளவு ஏறியது என்னும் செய்தியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இனி, நினைவகத்தின் நிர்வாகம் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நிரல் இடம் கேட்கும், இயங்குதளம் கொடுக்கும், வேலை முடிந்ததும் நிரல் திருப்பிக் கொடுக்க வேண்டும். வணிகர் ஏட்டில் எழுதும் பற்று வரவைப் போன்றதே இது. சி போன்ற பழைய மொழிகளில் இந்த ஏட்டை எழுதும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுபவருடையது. பற்று எழுதிவிட்டு வரவு எழுத மறந்தாலும், வாங்கிய இடத்தின் முகவரியையே தொலைத்துவிட்டாலும், அந்த இடம் நிரல் முடியும்வரை எவர்க்கும் பயன்படாது. முகவரி தொலைந்து, திருப்பிக் கொடுக்கவும் வழியற்றுப்போன இந்த நிலையைத்தான் கசிவு என்று சொல்வது தகும். இத்தகைய மறதியிலிருந்து மனிதனை விடுவிக்க எண்ணி, லிஸ்ப் என்னும் மொழியை வகுத்த ஜான் மெக்கார்த்தி, யாரும் எட்ட முடியாத நிலையில் கிடக்கும் இடங்களை மொழியே தேடிச் சேகரித்துக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார். அது 1960-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் மற்றோர் உபாயத்தைக் கூறினார்: ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்து, எண்ணிக்கை பூஜ்யமானவுடன் விட்டுவிடுவது. இன்றைய பைதான் இவ்விரண்டையும் சேர்த்துக் கையாளுகிறது.

ஆகவே இத்தகைய மொழிகளில் எழுதிய நிரலில் முகவரி தொலைவதென்பது அரிது. ஆனால் அதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்கிறது: பொருள் தேவையற்றுப்போன பின்னும், எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் அதைப் பற்றிக்கொண்டிருக்கிறார், பற்று இருக்கும்வரை மொழி அதைத் தொடாது, தொடவும் கூடாது. இது கசிவன்று, பற்று. கசிவைக் கண்டுபிடிக்க ஓட்டையைத் தேட வேண்டும். பற்றைக் கண்டுபிடிக்கப் பிடித்திருக்கும் கையைத் தேட வேண்டும். இரண்டும் இரு வேறு தேடல்கள். ஒன்றுக்கு உரிய கருவியோடு மற்றொன்றைத் தேடப் போனவர்கள் நாட்கணக்கில் அலைந்து வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் இதுவே.

நம் உதாரணத்தில் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நிரலாளர் முழுப் படத்துக்கும் அந்தச் சூத்திரப்படி நீர்க்குறியைக் கணக்கிட்டபின், வான் தீவைச் சூழ்ந்த 300 பிக்சல் நீளமும் 300 பிக்சல் அகலமும் உள்ள சிறு சதுரத்தை மட்டும் வெட்டி, பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பட்டியலில் சேர்த்துவைக்கிறார். 90,000 பிக்சல், 7,20,000 பைட். 365 படங்களுக்கும் சேர்த்தாலும் 26 கோடிதான். கவலைக்கு இடமில்லை என்று அவர் நினைக்கிறார். அவர் நினைத்தது நியாயமே. ஆனால் பைதானில் எண்ணணிகளைக் கையாளும் ‘நம்பை’ என்னும் நூலகம், வெட்டு என்று சொன்னால் வெட்டுவதில்லை. தாய் அணியின் மேல் ஒரு சாளரத்தைத் திறந்து, அந்தச் சாளரத்தையே கையில் கொடுக்கிறது. வேகத்துக்காகவும் சிக்கனத்துக்காகவும் நன்கு யோசித்துச் செய்த ஏற்பாடு இது. இதில் பிழை ஏதும் இல்லை. எனினும் சாளரம் இருக்கும்வரை சுவர் இருந்தாக வேண்டும் அல்லவா? பட்டியலில் 7,20,000 பைட் கொண்ட சிறு சதுரம் உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற, உண்மையில் அதன் பின்னால் 96 கோடியே 44 லட்சம் பைட் கொண்ட தாய் அணி முழுவதும் விடுதலையின்றி நிற்கிறது. சிறியது தன்னைவிட 1,339 மடங்கு பெரியதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு தீவுக்கு ஒரு சாளரம் திறந்தாலும், வான், காசுவார், காரியாச்சல்லி என்று மூன்று தீவுகளுக்கு மூன்று சாளரம் திறந்தாலும், பிடிபடுவது அதே ஒரு தாய் அணிதான். ஆகையால் தீவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதால் நோயின் அளவு குறையாது. இது நிரலாளரை மேலும் குழப்பும்.

3,200 கோடி பைட் நினைவகமுள்ள கணிப்பொறியில், இயங்குதளத்துக்கும் பிற தேவைகளுக்கும் 300 கோடி போக, ஒவ்வொரு சுற்றிலும் வேலைக்குத் தேவைப்படும் 482 கோடியையும் ஒதுக்கினால், 26 அல்லது 27-ஆவது படத்தை ஒட்டி இடம் தீர்ந்துவிடும். ஜனவரியில் தொடங்கும் படவரிசை மே மாதத்தின் நடுவில் அறுந்து நிற்கும். லினக்ஸ் இயங்குதளமானால், இடம் அறவே தீர்ந்த நிலையில் மற்றவற்றைக் காக்கும் பொருட்டு மிகுதியாக விழுங்கிய நிரலைத் தானே கொன்றுவிடும். திரையில் ‘கொல்லப்பட்டது’ என்னும் பொருளுள்ள ஒற்றைச் சொல் மட்டும் எஞ்சும். கொல்லாமல் பிழைச்செய்தி தந்தாலும், அது பெரும்பாலும் கழித்தல் அல்லது வகுத்தல் நடக்கும் வரியையே சுட்டும். ஏனெனில் புதிதாகப் பேரிடம் கேட்பது அந்த வரி. மயிற்பீலியானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். முறிந்த கணத்தில் வண்டியில் வைக்கப்பட்ட கடைசிப் பீலியைக் குற்றவாளியாக்குவது போன்றதே அந்த வரியைச் சந்தேகிப்பது. குற்றம், பத்து வரிகளுக்குக் கீழே, பட்டியலில் சேர்க்கும் சாதுவான வரியில் இருக்கிறது. பரிகாரமும் அவ்வளவு எளிது: சதுரத்தைச் சேர்ப்பதற்குமுன் அதற்கு ஒரு தனிப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு சொல் சேர்த்தால், சாளரம் மறைந்து, சிறு அணி தன் காலில் நிற்கும், தாய் அணி விடுபடும். முழுப் படத்தையும் படிக்காமல் தீவுள்ள பகுதியை மட்டும் வட்டிலிருந்து படித்தால் இன்னும் நன்று.

பிரதி எடுத்த பின்னும் நினைவகம் சுற்றுக்குச் சுற்று ஏறத்தான் செய்யும் என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். மூன்று தீவுகளுக்குப் படம் ஒன்றுக்கு 21,60,000 பைட். 365 படங்களின் முடிவில் 78 கோடியே 84 லட்சம். வரைபடத்தில் குறித்தால் இதுவும் நேராக மேலேறும் கோடுதான். ஆனால் நாம் வேண்டுமென்று சேர்த்த செல்வம் இது, கணக்குக்கு உட்பட்டது, எல்லை உடையது. ஏறுமுகம் ஒன்றையே நோயின் அடையாளமாகக் கொள்பவர், இந்த நல்ல நிரலையும் நோயாளி என்றே சொல்லிவிடுவார்.

மற்றொரு பக்கத்தில், ஏறி நின்றுவிடும் வகைகள் இருக்கின்றன. பலகை பருக்கும்வரை நீர் புகும் தோணி இவற்றுக்கு உவமை. செயற்கைக்கோள் படங்களைத் திறக்கும் ‘ஜீடால்’ என்னும் நூலகம், படித்த துண்டுகளை மீண்டும் தேவைப்படலாம் என்று ஒரு தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொள்ளும். வேறு சொல்லாவிட்டால், அக்கிடங்கின் உச்ச அளவு கணிப்பொறியின் நினைவகத்தில் நூற்றுக்கு 5. மேற்சொன்ன கணிப்பொறியில் அது 160 கோடி பைட். முதற்சில படங்களில் அது நிரம்பும். நிரம்பியபின் பழையதைத் தள்ளிப் புதியதை வைக்கும். அதுபோலவே, நிரல் விட்டுவிட்ட சிறு சிறு இடங்களை இடையில் நின்று இடம் ஒதுக்கித்தரும் பகுதி, இயங்குதளத்திடம் உடனே திருப்பாமல், அடுத்த தேவைக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்வதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நிரல் அவ்விடத்தை விடவில்லை என்றே தோன்றும். இவை நோயல்ல.

அப்படியானால் பரீட்சை எவ்வாறு நடத்துவது? ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், ஒரே இடத்தில், இரண்டு எண்களைக் குறிக்க வேண்டும். ஒன்று, இயங்குதளம் கூறும் எண்: இந்த நிரல் உண்மையில் எவ்வளவு நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. மற்றொன்று, பைதானே கூறும் எண்: தான் கொடுத்தவற்றுள் எவ்வளவு இன்னும் பிடிபட்டிருக்கிறது என்பது, இதற்கென்று 2014 முதல் பைதானுடனேயே ‘டிரேஸ்மாலாக்’ என்னும் கருவி வருகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் நம் நிரலுக்குள்ளேயே ஒரு கை பற்றியிருக்கிறது என்று அனுமானிக்கலாம். இயங்குதளத்தின் எண் மட்டும் ஏறிப் பைதானின் எண் அசையாமல் நின்றால், காரணம் அடியில் சி மொழியில் எழுதப்பட்ட நூலகத்திலோ, இடம் ஒதுக்கித்தரும் அந்தப் பகுதியிலோ இருக்கிறது. பைதான் நிரலை வரிவரியாகத் துருவுவது வீண் உழைப்பு. இந்த இரண்டு எண்களையும் எடுக்காமலே தொடங்கும் விவாதங்களில் எனக்கு மதிப்பில்லை.

அடுத்து ஒரு பரீட்சை. பலர் இதைச் செய்வதில்லை. நான் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். 365 வெவ்வேறு படங்களுக்குப் பதிலாக, ஒரே படத்தை 50 முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். படங்கள் வேறுவேறாக இருக்கும்போது, மேகம் மிகுந்த படம், பழுதுற்ற கோப்பு, எதிர்பாராத அளவு என்று ஆயிரம் காரணங்கள் எண்ணைக் கலைக்கும். ஒரே படமானால் சுற்றுக்குச் சுற்று ஏற்படும் ஏற்றம் நிரலின் இயல்பை மட்டுமே காட்டும். அந்த ஏற்றம் 96 கோடியே 44 லட்சம் பைட் என்று மாறாமல் வந்தால், அந்த எண்ணே பெயர் சொல்லிவிடும்: பின்ன எண்களாலான முழு அணி ஒன்று, சுற்றுக்கு ஒன்றாக, தங்கிப்போகிறது. சில நூறு பைட் மட்டும் என்றால் தேடவேண்டிய பொருள் வேறு. அளவைப் பார்த்துக் குற்றவாளியின் உருவத்தை ஊகிப்பது இத்துறையில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன்பின், சுற்றின் செயல்களைப் பாதி பாதியாக நிறுத்திவைத்து ஓட்டினால், எந்தப் பாதியை நிறுத்தும்போது ஏற்றமும் நிற்கிறதோ அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு மேலும் நெருங்கலாம்.

இதே நிதானத்தை இந்தக் கடற்கரை வேறொரு தொழிலில் நெடுங்காலம் கண்டிருக்கிறது. முத்துக்குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்பதை அரசாங்கம் வதந்தியைக் கொண்டு தீர்மானிக்கவில்லை. தொள்ளாயிரம் பார் போன்ற, கடலடியில் சிப்பி விளையும் பார்களில் ஆட்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமானம் என்று கணக்கிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. ஒரு பருவத்தில் கணக்கற்ற குஞ்சுச் சிப்பிகள் காணப்பட்ட பார், மறுமுறை பார்க்கும்போது வெறிச்சோடிக் கிடப்பதும் உண்டு. திருட்டு என்பார் ஒருவர்; திருக்கை மீன் தின்றுவிட்டது என்பார் ஒருவர்; நீரோட்டம் வாரிக்கொண்டு போயிற்று என்பார் மற்றொருவர். இலங்கைப் பார்களை ஆராய 1902-இல் வந்த ஹெர்ட்மனும், அவரோடு பணியாற்றிப் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் செய்தது, இந்த ஊகங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதன்று. அதே பாரை, குறித்த இடங்களில், பருவந்தோறும் பார்த்து எழுதிவைப்பது. தூத்துக்குடியில் 1961-க்குப் பின் குளிப்பு நடைபெறவில்லை. அந்த ஆய்வு ஏடுகளின் முறை, வேறொரு காரியத்துக்கு இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது.

சி மொழி நூலகத்தின்மேல் சந்தேகம் விழுந்தால், ஜூலியன் சீவர்ட் உருவாக்கி 2002-இல் முதற்பதிப்பாக வந்த ‘வால்கிரைண்ட்’ பெருந்துணை செய்யும். அது தரும் அறிக்கையில் உள்ள ஒரு சொல் பலரை மயக்குகிறது. விடப்படாத இடங்களை அது வகை பிரிக்கிறது. எந்த முகவரியும் எஞ்சாதவை நிச்சயமாக இழந்தவை. முகவரி முறையாகக் கையில் உள்ளவை இன்னும் எட்டக்கூடியவை. இவற்றுக்கிடையே ‘இழந்திருக்கலாம்’ என்று ஒரு வகை. அது தயக்கத்தால் வந்த ‘லாம்’ அன்று. அந்த இடத்தின் தொடக்கத்தைச் சுட்டும் முகவரி காணவில்லை, ஆனால் அதன் நடுவில் எங்கோ ஒரு புள்ளியைச் சுட்டும் முகவரி இருக்கிறது என்பதே அதன் துல்லியமான பொருள். கயிற்றின் நுனியைப் பிடித்தவர் இல்லை; நடுக்கயிற்றில் ஒரு கை படிந்திருக்கிறது. அது வேண்டுமென்றே பிடித்ததாகவும் இருக்கலாம், தற்செயலாக ஓர் எண் முகவரி போலத் தோற்றமளிப்பதாகவும் இருக்கலாம். பட நூலகங்களும் மொழிபெயர்ப்பிகளும் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கி இறுதிவரை வைத்திருக்கும் இடங்கள், எட்டக்கூடியவை என்ற வகையில் வரிசையாக வரும். அவை பல நூறு வரிகள் இருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரே படத்தை 10 முறை ஓட்டி ஓர் அறிக்கையும் 20 முறை ஓட்டி ஓர் அறிக்கையும் எடுத்து, எந்த வரியின் எண் இரட்டிப்பாகிறது என்று பார்த்தால் போதும்.

உலகறிந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். ஏனெனில் மறுதொடக்கம் என்னும் மருந்தைப் பற்றித் தீர்மானிக்க அவை தேவை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் அவசர ஊர்தித் துறை புதிய கணிப்பொறி அமைப்புக்கு மாறியது. மாறிய இரண்டு நாட்களுக்குள் அது பல காரணங்களால் தடுமாறிற்று. பின்னர் நவம்பர் 4 அதிகாலையில் அது முற்றிலும் உறைந்து நின்றதற்குக் காரணம் உண்மையான கசிவே: ஊர்தி ஒன்றை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சேவைக் கணிப்பொறியில் சிறிது நினைவகம் எடுக்கப்பட்டு விடப்படாமல் போயிற்று; நாளடைவில் அது நிறைந்தது. ஒரு முறைக்குச் சிறு துளி. நாட்கணக்கில் ஓட்டிப் பார்க்காத எந்தச் சோதனையும் அதைக் காட்டியிராது.

இரண்டாவது, 2005 அக்டோபர் 8 அன்று அமெரிக்கப் பாலைவனத்தில் ஓட்டுநரில்லா ஊர்திகளுக்கு நடந்த போட்டி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் அமைத்த ஊர்தி, இரட்டைக் கண் போன்ற ஒளிப்படக் கருவியால் தடைகளைக் கண்டு விலகிச் சென்றது. 10 மைலுக்குச் சற்றுக் குறைவாகச் சென்று நின்றுவிட்டது. குப்பையை மொழியே சேகரிக்கும் சி ஷார்ப்பில்தான் அது எழுதப்பட்டிருந்தது. கடந்து சென்ற தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள்; ஆனால் அத்தடைகள் ஒரு நிகழ்வறிவிப்புக்குப் பெயர் பதிந்திருந்தன; அந்தப் பெயர்ப்பதிவு நீக்கப்படவில்லை. பின்னால் விட்டுவந்த ஒவ்வொரு புதரும் கல்லும் நினைவகத்தில் உடன் வந்துகொண்டே இருந்தன. வான் தீவின் சாளரத்துக்கும் இதற்கும் இனம் ஒன்றே: கசிவன்று, பற்று.

மூன்றாவது, செவ்வாயில் இறங்கிய ‘ஸ்பிரிட்’ ஊர்தி. 2004 ஜனவரி 21 அன்று அது மௌனமாயிற்று, பின்னர் 60-க்கும் மேற்பட்ட முறை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது, பயனில்லை. அழியாச் சேமிப்பில் கோப்புகள் பெருகியிருந்தன. அவற்றின் அட்டவணையைத் தாங்க நினைவகம் போதவில்லை. ஒவ்வொரு விழிப்பிலும் அதே அட்டவணையை ஏற்ற முயன்று அது வீழ்ந்தது. சேமிப்பைத் தொடாமல் விழிக்கச் செய்து கோப்புகளை நீக்கிய பின்னரே அது பிழைத்தது. முதல் இரண்டிலும் மறுதொடக்கம் காலத்தையாவது வாங்கிக் கொடுத்திருக்கும். இங்கே அதுவே நோயின் சக்கரமாயிற்று.

மறுதொடக்கத்தை முற்றிலும் இகழ்வதற்கில்லை. நெடுநேரம் ஓடும் மென்பொருள் மெல்ல மூப்படைகிறது என்றும், உரிய வேளையில் அதை நிறுத்தி இளமை திரும்பச் செய்யலாம் என்றும் 1995-இல் சந்திரா கிந்தலா உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் முறையாகவே எழுதினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தோற்றுவித்து, படம் முடிந்ததும் அது மடிய, அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளம் திரும்பப் பெறும்படி அமைப்பது, நம் கைக்கு எட்டாத நூலகத்தில் உண்மைக் கசிவு இருக்கும்போது கௌரவமான பரிகாரமே. காரணம் அறிந்தபின் அதை மேற்கொள்வதை நான் அங்கீகரிக்கிறேன். காரணத்தைத் தேடாமல் மேற்கொண்டால், ஒவ்வொரு படத்திலும் 482 கோடி ஏற வேண்டிய இடத்தில் 900 கோடி ஏறும் பிழை ஒன்று உள்ளே இருந்தாலும், அது நம் கண்ணுக்குத் தென்படாமலே போய்விடும்.

தீவுகளின் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 27-ஆவது படத்தில் இறந்த நிரலை மறுபடி ஓட்டும்போது அது எங்கிருந்து தொடர்ந்தது? பாதி எழுதப்பட்ட வரி ஒன்று அளவுப்பட்டியலில் அப்படியே நின்றுவிட்டதா? ஒரே தேதி இருமுறை பதிந்ததா? வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமில்லாத படங்கள் அரிது. அலை மோதிக் கரை அரிப்புண்ணும் காலத்தில் கிடைக்கும் அந்த இரண்டொரு நல்ல படங்களில் ஒன்று, நிரல் இறந்த இரவில் தவறிப்போயிருந்தால், அந்த ஆண்டில் தீவு தேய்ந்ததா வளர்ந்ததா என்னும் விடையே மாறிவிடக்கூடும். ஆகையால் அளவுப்பட்டியலின் ஒவ்வொரு வரியிலும், படத்தின் தேதிக்கும் தீவின் பரப்புக்கும் பக்கத்தில், அந்த வரியை எழுதிய செயல்முறையின் எண்ணும், அந்தக் கணத்தில் எடுத்த நினைவக எண்கள் இரண்டும் இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் காரியாச்சல்லியின் கரைக்கோட்டை அந்தப் பட்டியலிலிருந்து வரையப் போகிறவர், எந்த வரியை நம்பலாம், எந்தப் படத்தை மறுபடி திறந்து அளக்க வேண்டும் என்று அந்த மூன்று எண்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.